வேலையை விடச் சொன்ன வகுப்பு: நாவல் எழுதக் கற்றுத்தரும் ஒரு ஆன்லைன் பயிற்சி பற்றி

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்று. அதில் இரண்டரை ஒரே ஒரு ஆசிரியருக்கு. மீதி அரை, பன்னிரண்டு வாரமும் சொன்ன நேரத்துக்கு வகுப்பைத் தொடங்கினார்களே, அதற்கு. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொல்லிச் சண்டை பிடிக்க எனக்குத் தெம்பும் இல்லை, தேவையும் இல்லை. நாவல் எழுதக் கற்றுத்தருகிறோம் என்று இப்போது எத்தனையோ பேர் கிளம்பியிருக்கிறார்கள், எல்லோருடைய விளம்பரமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருக்கிறது, அதனால் நான் இதில் பட்டதைச் சொன்னால் வேறொன்றில் பணம் கட்டப்போகிறவருக்கும் பயன்படும்.

வகுப்பு என்னவென்றால், வாரம் ஒரு நேரலை அமர்வு, இரண்டு மணி நேரம். கூடவே பதிவு செய்த வீடியோக்கள். நம் நாவலில் இருந்து முப்பது பக்கம் வரை அனுப்பினால் இரண்டு முறை படித்துக் கருத்து எழுதித் தருவார்கள். முதல் ஆறு வாரம் ‘எழுத்தை வருமானமாக்குவது’, அடுத்த ஆறு வாரம் ‘வாழ்க்கையை நாவலாக்குவது’. விளம்பரப் படத்தில் ஒருவர் ராஜினாமாக் கடிதத்தைக் காற்றில் பறக்கவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார், கீழே ‘ஒரே வருடத்தில் வேலையை விடுங்கள்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நான் கணக்குப் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறவன், இரவு பத்து மணிக்கு மேல் மூன்று வருடமாக ஒரு நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறவன். அந்தப் படத்தைப் பார்த்த ராத்திரி என்ன மனநிலையில் இருந்தேன் என்று சொல்லவேண்டியதில்லை. சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதியைக் கட்டிச் சேர்ந்தேன்.

முதல் பாதியை நடத்தியவர் வருமான ஆலோசகர். நாவல் எழுதியவர் இல்லை, நாவல் எழுதிச் சம்பாதிப்பது எப்படி என்று புத்தகம் எழுதியவர். இந்த வித்தியாசம் எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் உறைத்தது. இருந்தாலும் நியாயமாகச் சொல்லவேண்டும், இரண்டாவது வாரத்தில் ஒப்பந்தம் பற்றி அவர் எடுத்த பாடம் நன்றாகவே இருந்தது. பதிப்பாளர் தரும் முன்பணம் பரிசு இல்லை, பின்னால் நமக்கு வரவேண்டிய ராயல்டியில், அதாவது புத்தக விற்பனையில் எழுதியவருக்குச் சேரும் பங்கில், கழிக்கப்படுவது, அது முழுதாகக் கழிந்து தீரும்வரை மேற்கொண்டு ஒரு காசு வராது. அந்த முன்பணமும் பெரும்பாலும் மொத்தமாகக் கைக்கு வராது. கையெழுத்துப் போடும்போது ஒரு பங்கு, பிரதியை ஒப்படைக்கும்போது ஒரு பங்கு, புத்தகம் வெளியாகும்போது ஒரு பங்கு என்று பிரியும். நமக்காகப் பதிப்பாளரிடம் பேசி முடித்துத்தரும் ஏஜென்ட் நடுவில் இருந்தால் வழக்கமாக 15 சதவீதம் அவருக்கு. சினிமாக்காரர்கள் ‘உரிமை வாங்கிவிட்டார்கள்’ என்று செய்தி வந்தால் அநேகமாக அது கதையைக் கொஞ்ச காலம் பிடித்துவைக்கத் தரும் சிறு தொகைதான், அப்படிப் பிடித்துவைக்கப்படும் கதைகளில் பெரும்பாலானவை படமாவதே இல்லை. பிரிட்டனில் நூலகத்தில் இருந்து ஒருவர் நாவலை இரவல் எடுத்துப்போனாலும் எழுதியவருக்குச் சிறு தொகை போய்ச் சேர 1979ல் சட்டமே போட்டிருக்கிறார்கள் என்பதை இங்கேதான் தெரிந்துகொண்டேன். எனக்குத் தொழில் கணக்கு என்பதால் உடனே பேனாவை எடுத்தேன். மூன்று வருடம் எழுதிய நாவலுக்கு வரும் முன்பணத்தை 36 ஆல் வகுத்தால் மாதச் சம்பளம். வகுத்த பிறகு அந்த எண்ணை அடித்துவிட்டேன், பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு அப்புறம் ஆலோசகரின் பாடம் வேறு திசையில் போய்விட்டது. வருடத்துக்கு நான்கு நாவல் எழுதுங்கள், ஒரே கதாநாயகனை வைத்துத் தொடராகப் போடுங்கள், நீங்களே மின்னூலாக வெளியிடுங்கள், விளம்பரம் போடுங்கள், வாசகர்களின் மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்த்துவையுங்கள். பொய் என்று சொல்லமாட்டேன். துப்பறியும் கதை, காதல் கதை எழுதும் சிலர் இப்படித்தான் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள், அவர்களுடைய உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் செம்மை செய்கிறவருக்கு, அட்டை வரைகிறவருக்கு, விளம்பரத்துக்கு என்று பணம் முதலில் நம் பையில் இருந்து போகும் என்பதையும், அந்தப் பை நிறைய இருப்பதற்கு ஒரு வேலை வேண்டும் என்பதையும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. எழுத்தாளர்களுக்குச் சேரவேண்டிய உரிமைத்தொகையைப் பிரித்துத் தரும் பிரிட்டனின் ஏ.எல்.சி.எஸ். அமைப்பு 2022ல் ஒரு கணக்கு வெளியிட்டது. எழுத்தையே முதன்மைத் தொழிலாக வைத்திருப்பவர்கள் எழுத்தில் இருந்து மட்டும் பெறும் வருட வருமானத்தின் நடுமதிப்பு 7,000 பவுண்ட், அதாவது பாதிப் பேர் அதற்கும் கீழே. 2006ல் இதே எண் 12,330 ஆக இருந்தது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் நிலையே இப்படி. இதை நான் வகுப்பின் அரட்டைப் பெட்டியில் போட்டேன். ‘எதிர்மறை எண்ணங்களை வெளியே விட்டுவிட்டு வாருங்கள்’ என்று பதில் வந்தது, ஒரு பூப்படத்தோடு.

ஐந்தாவது வாரம் ஆந்தனி ட்ரோலப்பைக் கொண்டுவந்தார்கள். இது கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டிய கதை, ஏனென்றால் எனக்கு இந்த வகுப்பின் மேல் நம்பிக்கை போனது இங்கேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர், 47 நாவல் எழுதியவர். காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதியவர். அவர் இறந்த பிறகு 1883ல் வெளியான சுயசரிதையில், எந்தப் புத்தகத்துக்கு எவ்வளவு வந்தது என்று பட்டியல் போட்டு, மொத்தம் 68,939 பவுண்ட் 17 ஷில்லிங் 5 பென்ஸ் என்று கூட்டியும் காட்டியிருந்தார். கணக்குக்காரனான எனக்கு அந்த 5 பென்ஸைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. சரி. வகுப்பின் திரையில் இந்தத் தொகை தங்க நிறத்தில் ஒளிர்ந்தது. ‘ஒழுக்கம் இருந்தால் எழுதிப் பிழைக்கலாம்’ என்று ஆலோசகர் முடித்தார்.

அந்த மனிதர் 1834ல் தபால் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து 1867வரை, 33 வருடம், அங்கே வேலை பார்த்துக்கொண்டுதான் எழுதினார் என்பது திரையில் இல்லை. தெருவோரத் தபால் பெட்டியை அந்த நாட்டில் புழக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். காலை ஐந்தரைக்கு எழுந்ததே அதற்கப்புறம் அலுவலகம் போகவேண்டும் என்பதால்தான். வேலையை விட்டதும் பெயரும் பணமும் நன்றாகச் சேர்ந்துவிட்ட பிறகு. ஆக, வேலையை விடச் சொல்லும் வகுப்பு உதாரணம் காட்டியது வேலையை விடாதவரை. நான் கையைத் தூக்கி இதைக் கேட்டேன். ‘அது அந்தக் காலம்’ என்றார். அந்தக் காலம் என்றால் எதற்கு அந்தத் தொகையை மட்டும் இந்தக் காலத்துக்கு இழுத்துவந்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வெளியேறிவிடலாம் என்றுதான் இருந்தேன். பணத்தைத் திருப்பித் தருவதற்கான கெடு இரண்டாவது வாரத்தோடு முடிந்திருந்தது. நம் பக்கங்களுக்கு முதல் கருத்து வருவதோ நான்காவது வாரம். அதாவது சாமான் எப்படி என்று தெரிவதற்குள் திருப்பிக் கொடுக்கும் தேதி போய்விடும். சேருகிறவர்கள் இந்த ஒரு வரியையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது வாரம் ஆசிரியர் மாறினார். மூன்று நாவல் எழுதிய பெண், வயது அறுபதுக்கு மேல் இருக்கும், கேமராவை நெற்றி மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆரம்பத்திலேயே சொன்னார்: “என் நாவல்களில் இருந்து வருகிற பணம் கரண்ட் பில்லுக்குச் சரியாக இருக்கும். மீதிக் குடும்பத்தை இப்போது நீங்கள்தான் நடத்துகிறீர்கள். நன்றி.” எல்லோரும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. ஆறு வாரமாக ஆலோசகர் சுற்றிச் சுற்றி வந்த கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் கிடைத்துவிட்டது. நாவலாசிரியர் எப்படிப் பிழைக்கிறார்? நாவல் எழுத ஆசைப்படுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறார். அல்லது பத்திரிகையில், பள்ளிக்கூடத்தில், மொழிபெயர்ப்பில், அடுத்தவர் பெயரில் புத்தகம் எழுதிக் கொடுப்பதில். அல்லது வீட்டில் இன்னொருவர் சமாளிக்கிறார். கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸ் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலை எழுதிய ஒன்றரை வருடம் மளிகைக் கடனையும் வாடகைப் பாக்கியையும் சமாளித்தது மனைவி மெர்சிடிஸ். அமெரிக்க நாவலாசிரியர் ஹார்ப்பர் லீ விமானக் கம்பெனியில் டிக்கெட் பதிவு செய்கிற வேலையில் இருந்தார், 1956 கிறிஸ்துமஸுக்கு நண்பர்களான ஒரு தம்பதி ஒரு வருடச் சம்பளத்தைப் பரிசாகக் கொடுத்து உட்கார்ந்து எழுது என்றார்கள், நாவல் 1960ல் வந்தது. ஒரு வருடம் வேலையை விட்டு எழுதியவர் இருக்கிறார்தான், ஆனால் அந்த ஒரு வருடத்துக்கு யார் பணம் கட்டினார்கள் என்பதை விளம்பரத்தில் யாரும் போடுவதில்லை.

இந்த ஆசிரியர் பணத்தையும் வாழ்க்கையையும் இரண்டு பாடமாகப் பிரிக்கவே இல்லை. மதிப்பெண்ணில் இரண்டரையை நான் இவருக்குக் கொடுத்ததே அதற்காகத்தான். வேலை என்பது எழுத்தின் நேரத்தைத் திருடும் விரோதி என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன், ஆலோசகரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் எழுத்தாளர் காஃப்காவை எடுத்துப் பேசினார். 1908ல் இருந்து 1922வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, காலை எட்டு முதல் மதியம் இரண்டுவரை. மரம் இழைக்கும் இயந்திரத்தில் விரல் போகாமல் தடுப்பது எப்படி என்று படத்தோடு அறிக்கை எழுதியிருக்கிறார். வேலையைப் பற்றி நாட்குறிப்பு முழுக்கப் புலம்பல். ஆனால் மனிதனின் உடம்பில் தண்டனையை எழுதும் இயந்திரத்தைப் பற்றி அவர் கதை எழுதியபோது, அந்த இயந்திரத்தின் பல்லும் சக்கரமும் எங்கிருந்து வந்திருக்கும்? ஒரு கோப்பு மேசைக்கு மேசை போய்க் கடைசிவரை முடிவே வராமல் இருப்பது எப்படி என்று ஒரு குமாஸ்தாவுக்கு யார் சொல்லித்தரவேண்டும்? அமெரிக்க நாவலாசிரியர் ஃபாக்னர் 1929ல் ஒரு பல்கலைக்கழகத்தின் மின் நிலையத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஒரு நாவலை எழுதி முடித்தார். அகதா கிறிஸ்டி முதல் உலகப்போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்தார், அப்புறம் வாழ்நாள் முழுக்க அவருடைய கதைகளில் ஆட்கள் விஷத்தில் செத்துக்கொண்டே இருந்தார்கள். நம் அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்த வருடங்கள் இல்லாமல் சினிமா உலகத்தைச் சொல்லும் அவருடைய ‘கரைந்த நிழல்கள்’ நாவல் இல்லை, இதை நான் அரட்டைப் பெட்டியில் எழுதியதும் ஆசிரியரின் நெற்றி கேமராவில் மேலும் கீழும் ஆடியது.

ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியின் கதையை ஆசிரியர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. கடன் கழுத்தை நெரித்தபோது ஒரு பதிப்பாளரிடம் போய் ஒப்பந்தம் போட்டார். 1866 நவம்பர் முதல் தேதிக்குள் ஒரு புதிய நாவலைக் கொடுக்காவிட்டால், அடுத்த ஒன்பது வருடம் அவர் எழுதுவதையெல்லாம் அந்தப் பதிப்பாளர் காசு கொடுக்காமல் போட்டுக்கொள்ளலாம். அக்டோபர் வந்துவிட்டது, ஒரு பக்கம்கூட இல்லை. அன்னா என்ற சுருக்கெழுத்துப் பெண்ணை வரவழைத்து, 26 நாளில் சொல்லச் சொல்ல எழுதவைத்து முடித்தார். எதைப் பற்றி? சூதாட்ட மேசையை விட்டு எழுந்திருக்கவே முடியாத ஒருவனைப் பற்றி. சூதாட்டத்தில் அவரே நன்றாகத் தோற்றுப் பழகியவர். பணத் தட்டுப்பாடுதான் கெடு, பணத் தட்டுப்பாடுதான் கதை. மூன்று மாதம் கழித்து அந்தப் பெண்ணையே கல்யாணமும் செய்துகொண்டார், பிற்பாடு அந்தக் குடும்பத்தின் கடன் கணக்கையெல்லாம் அந்த அம்மாதான் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். “நாவலில் இருந்து அவருக்குக் கிடைத்த நிஜமான ராயல்டி அதுதான்” என்றார் ஆசிரியர்.

இப்போது குறைக்குத் திரும்புகிறேன். எட்டாவது வாரத்துக்கு என்று ஒரு பதிவு செய்த வீடியோ உண்டு, ‘நிஜ மனிதர்களை நாவலில் வைப்பது: சட்டச் சிக்கல் வராமல் இருக்க’. பத்தே நிமிடம். பெயரை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், முன்னால் ‘இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே’ என்று ஒரு வரி போடுங்கள், முடிந்தது. இது ஆபத்தான பாடம். அந்த ‘யாவும் கற்பனையே’ வரி பரவலாகப் புழக்கத்துக்கு வந்த கதையே இதற்கு நேர் எதிரானது. 1932ல் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். கம்பெனி, ரஷ்ய அரச குடும்பத்தோடு நெருக்கமாக இருந்த சாமியார் ரஸ்புடினைப் பற்றி ஒரு படம் எடுத்தது. அதில் ரஸ்புடினால் கெடுக்கப்படுகிறவளாக ஒரு இளவரசி வருவாள், பெயர் நடாஷா. ரஸ்புடினைக் கொன்ற ரஷ்ய இளவரசர் யூசுபோவின் மனைவி இரினா, அது நான்தான் என்று லண்டனில் வழக்குப் போட்டார். படத்தில் பெயர் வேறு. ஆனாலும் பார்க்கிறவர்களுக்கு ஆள் யார் என்று தெரிகிறது என்பதால் 1934ல் 25,000 பவுண்ட் நஷ்டஈடு கிடைத்தது. பெயரை மாற்றினால் போதும் என்றால் இந்த வழக்கே நின்றிருக்காது. கதாபாத்திரம் நிஜ மனிதரைச் சுட்டுவதாக அவரைத் தெரிந்தவர்கள் நியாயமாக நினைப்பார்களா, அவர் செய்யாத கேவலத்தைச் செய்ததாகக் காட்டியிருக்கிறோமா என்பதுதான் கேள்வி. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்று ஒரு வார்த்தைகூட வீடியோவில் இல்லை. இதை நம்பி யாராவது தன் பழைய மேலாளரின் முடியை மட்டும் நரைக்கவிட்டு நாவலைப் போட்டு மாட்டிக்கொண்டால் இவர்களா வந்து நிற்பார்கள்?

நேரலையில் அந்த ஆசிரியர் இதைச் சரிசெய்தார், அதுவும் சட்டத்தை வைத்து இல்லை, டிக்கன்ஸை வைத்து. பன்னிரண்டு வயதில், அப்பா கடனுக்காகச் சிறையில் இருந்தபோது, டிக்கன்ஸ் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் ஜாடிகளுக்குக் காகிதம் ஒட்டினார், வாரத்துக்கு ஆறு ஷில்லிங். அந்த அவமானத்தை வெளியில் சொல்லவே இல்லை. நண்பர் ஃபார்ஸ்டருக்கு மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார், உலகத்துக்குத் தெரிந்ததே அவர் இறந்த பிறகு. ஆனால் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ படித்த எல்லோரும் அதை ஏற்கெனவே படித்திருந்தார்கள், அங்கே பாலிஷ் ஜாடிக்குப் பதில் மது பாட்டில். “எதை மாற்றினார், எதை மாற்றவில்லை என்று பாருங்கள்” என்றார். ஜாடியை மாற்றினார். படித்துப் பெரிய ஆளாக வரவேண்டியவன் இங்கே வந்து கிடக்கிறேனே என்று பையனுக்குள் புழுங்கும் அந்த வெட்கத்தை மாற்றவில்லை.

அதே நாவலில் மிஸ் மௌச்சர் என்று ஒரு குள்ளமான பெண் வருவாள். டிக்கன்ஸின் அக்கம்பக்கத்தில் இருந்த, கால் ஆணிக்கும் நகத்துக்கும் வைத்தியம் பார்க்கும் ஒரு பெண்மணியை அப்படியே எடுத்து வைத்திருந்தார். தொடராக வந்துகொண்டிருந்தபோதே, 1849 டிசம்பரில், அந்தப் பெண்மணி மனம் நொந்து கடிதம் எழுதினார். டிக்கன்ஸ் என்ன செய்தார்? கெட்டவளாகப் போக இருந்தவளை அடுத்து அவள் வரும் இடத்தில் நல்லவளாகத் திருப்பிவிட்டார். நாவலைப் படித்தால் அந்தத் தையல் தெரியும். வகுப்பில் பாதிப் பேர் அவர் செய்தது சரி என்றார்கள், பாதிப் பேர் கலைக்குத் துரோகம் என்றார்கள், இருபது நிமிடம் சண்டை. ஆசிரியர் தீர்ப்பு சொல்லவில்லை. அமெரிக்க நாவலாசிரியர் தாமஸ் உல்ஃப் 1929ல் தன் ஊர்க்காரர்களை அடையாளம் தெரிகிற மாதிரி எழுதிவிட்டு ஏழெட்டு வருடம் ஊர்ப்பக்கமே போகாமல் இருந்ததையும், இன்னொரு அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டே 1975ல் தன் பணக்காரத் தோழிகளின் ரகசியத்தைப் பத்திரிகையில் அத்தியாயமாகப் போட்டுவிட்டு அவர்களில் பலரை ஒரேயடியாக இழந்ததையும், அந்த நாவல் கடைசிவரை முடியாமலே போனதையும் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

என் பக்கங்களுக்கு வருகிறேன். என் நாவலில் ஒரு பெரியவர் வருகிறார், தம்பிக்குக் கொடுத்த கடனை இருபது வருடம் ஒரு நோட்டில் வட்டியோடு எழுதிக்கொண்டே இருப்பவர், கேட்கவும் மாட்டார், மன்னிக்கவும் மாட்டார். என் பெரியப்பாதான். தம்பி என்பது என் அப்பா. நான்காவது வாரம் வந்த முதல் கருத்து, ஒரு பக்கம், முழுக்கப் பாராட்டு. மூன்றாவது பத்தியில், ‘மீராவின் தனிமை நெகிழவைக்கிறது’ என்று இருந்தது. என் நாவலில் மீரா இல்லை. யாரோ ஒரு சக மாணவருக்கு, ‘வட்டிக் கணக்கு நெகிழவைக்கிறது’ என்று போயிருக்கும். புகார் எழுதினேன், மன்னிப்பும் அதே கடிதமும் திரும்ப வந்தன, மீரா என்ற பெயரை மட்டும் எடுத்துவிட்டு.

பத்தாவது வாரம் வந்த இரண்டாவது கருத்து அந்த ஆசிரியருடையது. மொத்தமே நான்கு வரி. ‘இந்தப் பெரியவர் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கிறது, நாவலுக்கு இல்லை. அதனால் அவர் வரும் இடமெல்லாம் நீங்கள் வந்து நிற்கிறீர்கள். ஒரு ராத்திரி அந்த நோட்டை அவர் எழுதுவதை அவர் பக்கம் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். வட்டியைக் கூட்டத் தெரிந்தவர் நீங்கள்.’

கூட்டினேன். இருபது வருட வட்டியை, மாதாமாதம், அவர் எப்படிக் கூட்டியிருப்பாரோ அப்படி, கால்குலேட்டர் இல்லாமல். ஏழாவது வருடத்தில் ஒரு தப்பு விட்டேன், விட்டது தெரிந்ததும் எனக்கே ஒன்று பிடிபட்டது: இத்தனை வருடம் தம்பியோடு அவருக்கு இருந்த பேச்சுவார்த்தை இந்த நோட்டு ஒன்றுதான். கணக்கைத் தீர்த்துவிட்டால் அதுவும் போய்விடும். பதினான்கு வருடமாக அலுவலகத்தில் பொருந்தாத கணக்குகளைப் பார்க்கிறேன், ஒரு கணக்கை மனிதர்கள் எதற்காகத் தீர்க்காமல் வைத்திருப்பார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்த அத்தியாயத்தை மூன்று ராத்திரியில் எழுதினேன். மூன்று வருடத்தில் நான் எழுதியதில் தேறுவது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அக்காவுக்கு அனுப்பினேன். பெரியப்பாவை அடையாளம் கண்டு வருத்தப்படுவாளோ என்று பயந்துகொண்டே இருந்தேன். மறுநாள் போன். “பெரியப்பாவை நல்லாத்தான்டா எழுதியிருக்க. அது சரி, கல்யாண வீட்டுல எல்லார் முன்னாடியும் போன்ல கத்துறாளே ஒருத்தி, அது யாரு? நான்தானே?” சத்தியமாக அது அவள் இல்லை. என் அலுவலகத்தில் வேறு பிரிவில் இருக்கும் ஒருவரைப் பார்த்து இரண்டே வரி எழுதியது. எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. “நான் அப்படியாடா கத்துவேன்?” என்று கத்தினாள். யாரை எழுதினோமோ அவர் கண்டுகொள்வதில்லை, யாரை நினைக்கவே இல்லையோ அவர் வந்து நிற்கிறார். எந்த வீடியோவிலும் இதைச் சொல்லித்தரவில்லை. அந்த இரண்டு வரியை எடுத்துவிடலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எடுத்தால் அது அவள்தான் என்று உறுதியாகிவிடும்.

சில்லறைக் குறைகள்: வீடியோக்கள் ஆறு மாதத்தில் பூட்டப்பட்டுவிடும், சேரும்போது இதைச் சொல்லமாட்டார்கள். மாணவர்களுக்கான குழுவில் பாதி நேரம் ஆலோசகரின் இன்னொரு வகுப்புக்கான விளம்பரம். வகுப்பில் அறுபது பேர், இரண்டு மணி நேரத்தில் அத்தனை பேருக்கும் வாய் திறக்க வழியில்லை. நான் கையைத் தூக்கி வாய்ப்புக் கிடைத்தது மொத்தம் மூன்று தடவை.

யார் சேரலாம்? ஒப்பந்தம், ராயல்டி பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்கு இரண்டாவது வாரம் உதவும், அது ஒன்றுக்காக இவ்வளவு கொடுக்கவேண்டுமா என்பது உங்கள் பாடு. கையில் பாதி எழுதிய நாவலும், அதில் மாட்டிக்கொண்ட சொந்தக்காரர் ஒருவரும் இருந்தால் பின்பாதி ஆறு வாரமும் கொடுத்த காசுக்கு மேலேயே தரும், அந்த ஆசிரியர் இருக்கும்வரை. வேலையை விடும் எண்ணத்தோடு இருப்பவர்கள் தயவுசெய்து முதல் பாதியைக் கேட்காதீர்கள்.

முடிந்த பிறகு நிறுவனத்துக்கு எழுதினேன். நண்பர் ஒருவர் பின்பாதியில் மட்டும் சேர விரும்புகிறார், தனியாகக் கிடைக்குமா என்று. கிடைக்காதாம். ஆனால் பழைய மாணவன் என்பதால் எனக்கு மேல்நிலை வகுப்பில் கட்டணச் சலுகை உண்டாம், தலைப்பு ‘முழுநேர நாவலாசிரியரின் ஒரு நாள்’. யார் நடத்துகிறார் என்று கேட்டேன், ஆலோசகர் என்றார்கள். வார நாட்களில், காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் நான் அலுவலகத்தில் இருப்பேன் என்று பதில் போட்டேன்.